தள்ளிப்போட்ட காதுகுத்து

என் மகளுக்குக் காது குத்தியது ஒரு நகைக்கடையில், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால். அவளை என் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் செய்வதில்லை. முடியிறக்கினாலும் காது குத்தினாலும் பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். மாமன் இல்லாத வீட்டில்கூட ஒன்றுவிட்ட அண்ணனையோ தம்பியையோ தேடிப்பிடித்து உட்காரவைப்பார்கள். எனக்குக் கூடப்பிறந்த அண்ணனே இருந்தான். விளாங்குடியில் என் வீட்டு வாசலில் பஸ் ஏறினால் கோரிப்பாளையத்தில் அவன் கடைக்கு அரைமணி நேரம்கூட ஆகாது.

அவனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. அது எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மகள் பிறந்து நான்கு மாதம் இருக்கும்போது அவன் பரிசோதனைக்குப் போனான். விடாத காய்ச்சல், வாயெல்லாம் புண். "நீ படிச்சவ, கூட வா" என்று என்னை அழைத்துப்போனான். முடிவைச் சொன்ன ஆலோசகர் அம்மா பொறுமையாக விளக்கினார். தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, கொசு கடித்தால் வராது. நான் வகுப்பில் உட்கார்ந்திருப்பதுபோலத் தலையாட்டினேன். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் நான். அவர் சொன்ன எல்லாம் புரிந்தது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அண்ணன் பழுதான மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டுகிறவன். செப்புக் கம்பி இழுத்து இழுத்து அவன் விரல்களில் எப்போதும் மெல்லிய கீறல்கள் இருக்கும். இந்தக் கையோடு காதுகுத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளலாமா? அவன் பக்கத்தில் இருக்கும்போது அதை எப்படிக் கேட்பது? கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

எப்படி வந்தது என்றும் அவனிடம் நான் கேட்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அம்மா அவனோடு கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் இருந்தாள். போகும்போதெல்லாம் இதே பேச்சுதான். "ஏழாம் மாசத்த விட்டாச்சு, ஒம்போதும் போச்சு. பதினொண்ணையும் விட்டுட்டா அப்பறம் மூணு வயசுலதேன். அம்புட்டு நாளைக்குப் புள்ளைய மூளிக்காதோட வச்சிருக்கப் போறியா?"

சளி என்றேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். பதினோராம் மாதமும் போனது. அண்ணனிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னேன். "உனக்கு ஒடம்பு நல்லா ஆகட்டும் அண்ணே. மருந்து வந்துரும். அப்பறம் சிறப்பாச் செய்வோம்."

மருந்து வந்துவிடும் என்று அப்போது பத்திரிகைகள் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தன. வெளிநாட்டில் தடுப்பூசி, எங்கோ ஒரு மூலிகை, யாரோ ஒரு விஞ்ஞானி. வெட்டி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவேன். அண்ணன் கம்பி சுற்றியபடியே வாசிக்கச் சொல்லிக் கேட்பான்.

"இம்புட்டுப் பேரு கண்டுபிடிச்சுட்டானுக. எனக்குத்தேன் ஒருத்தனும் குடுக்க மாட்டேங்குறான்."

அசல் மாத்திரைகள் அப்போதும் இருந்தன. வசதியானவர்கள் மட்டும் வாங்கினார்கள். எங்களுக்கு அவை சந்திரனில் இருந்த மாதிரி.

மகளுக்கு மூன்று வயது ஓடிக்கொண்டிருந்தபோது வண்டியூருக்கு அந்தப்பக்கம் ஒரு வைத்தியரைப் பற்றி நானே கேள்விப்பட்டேன். வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ப்பார். வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரோரமாக நின்றார்கள். ஒரு மண்டலம் லேகியம். புளி, மீன், கத்தரிக்காய் கூடாது. "நாப்பத்தெட்டு நாள் முடிஞ்சு டெஸ்ட் எடுங்க. இருந்த எடம் தெரியாது" என்றார். அதில் என்ன சேர்த்திருக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டியவள், டீ குடிக்கலாமா என்று கேட்டேன்.

வெளியே வந்ததும் அண்ணன் நின்றான். "நீ நம்புறியாத்தா?"

"நம்பித்தான் பாப்போமே அண்ணே."

"சரி, உனக்காக."

அம்மாவிடம் குடல்புண் என்று சொல்லிப் பத்தியச் சமையல் செய்யவைத்தோம். நாள் முடியும் தேதியை வைத்து, அதற்குப் பத்து நாள் தள்ளிக் காதுகுத்துக்கு முகூர்த்தம் பார்க்க நானே சம்மதித்தேன். வேளைக்குச் சாப்பிட்டதாலோ என்னவோ அண்ணன் முகம் தெளிந்தது. சட்டை தோளில் பொருந்தி உட்கார்ந்தது. பிள்ளையை மடியில் வைக்கும்போது கட்ட அவன் ஒரு புது வேட்டி எடுத்துவைத்திருப்பதாக அம்மா சொன்னாள். சில நாள் நான் முழுதாக நம்பினேன். சில நாள், குளிக்கும்போதோ அரிசி களையும்போதோ, இது எப்படி முடியும் என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அதை அடக்க அன்றைக்கு இன்னொரு கோயிலுக்குப் போவேன்.

பரிசோதனை முடிவு மாறவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை நிற்கவில்லை. "அழுகாதத்தா. கண்டக்டரு நான் உன்னைய என்னமோ செஞ்சுட்டேன்னு நெனைக்கப் போறான்" என்றான். பிறகு, "பத்தியத்துல நாக்குத்தேன் செத்துப்போச்சு. போனதும் அம்மாட்ட ஒரு புளிக்கொழம்பு வைக்கச் சொல்லணும்" என்றான்.

முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. நான்காம் நாள் மகளை நகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு நிமிட வேலை. அவள் கத்திய கத்தலில் கடைப்பெண் மிட்டாய் கொடுத்தாள். அங்கிருந்தே அண்ணன் கடைக்குப் போனேன்.

அம்மா வாசலிலேயே பார்த்துவிட்டாள். "என்னடி இது? பத்திரிகை வச்ச பெறகு எவளாச்சும் இப்படிச் செய்வாளா? மாமன் என்ன செத்தா போனான்?"

ஆசாரி ஊசியால் சீழ் பிடிக்கும், டாக்டர் சொன்னார் என்று அளந்தேன். அம்மா முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் சுற்றிக்கொண்டிருந்த கம்பியை நிறுத்தினான்.

"ஆசாரி ஊசிக்குப் பயந்தியா, என் கைக்குப் பயந்தியா?"

நான் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட நான் கேட்டுட்டேன்த்தா. கையில கீறலா இருக்கே, காதுகுத்துல மருமகள மடியில வச்சுக்கலாமான்னு. விரல்ல ஒரு பிளாஸ்திரியச் சுத்திக்க, தாராளமா வச்சுக்க, ஒண்ணும் செய்யாதுன்னாரு. நீ கேப்ப, சொல்லலாம்னு இருந்தேன்."

"எப்பக் கேட்ட?"

"அவ பதினோராம் மாசத்துல."

இரண்டு வருடமாகப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வாசித்த செய்திகளையெல்லாம் கேட்டிருக்கிறான். எனக்காக நாற்பத்தெட்டு நாள் புளியில்லாமல் தின்றிருக்கிறான். குணமாக வேண்டும் என்று நான் வேண்டியது பொய்யில்லை. ஆனால் அவன் குணமானால் நான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை என்பதும் அந்த வேண்டுதலுக்குள் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் அவன் மிகவும் மெலிந்தான். போய்விடுவான் என்று நினைத்தோம். அம்மாவுக்கு அப்போதுதான் சொன்னோம். மறுநாள் வழக்கம்போல அவன் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரைகள் இலவசமாக வரத் தொடங்கியபோது அவன் உயிர் மிச்சமிருந்தது. எழுந்துவிட்டான். இது குணமில்லை, காலையும் மாலையும் ஆயுசுக்கும் விழுங்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இருந்தாலும் கடையைத் திறந்தான்.

பிறகு எனக்கு மகன் பிறந்தான். இந்த முறை ஏழாம் மாதத்திலேயே அண்ணனிடம் போனேன். தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, முறையாக. அவன் சுற்று எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடிக்கும்வரை நின்றேன்.

"நீதான் மடியில வச்சுக்கணும் அண்ணே."

"வேணாம்த்தா. பெரியப்பா மகனைக் கூப்புடு."

"எனக்கு இப்பப் பயமில்ல அண்ணே."

"இருக்காது. ஆனா நான் புள்ளையப் பாக்க மாட்டேன். ஒம் மூஞ்சியத்தேன் பாத்துக்கிட்டு இருப்பேன்."

தட்டை மேசையில் வைத்துத் தேதியைச் சொல்லிவிட்டு வந்தேன். பெரியப்பா மகன் மடியில்தான் என் மகனுக்குக் காது குத்தினார்கள். அண்ணன் விடியக்காலையிலேயே வந்துவிட்டான். பிள்ளை அழுத சத்தம் கேட்டபோது அவன் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி இலைவரை போட்டு முடித்தான்.