பால்மா டின்னில் கிடந்த ஸ்பேனர்

எங்கள் வீட்டில் சமையலுக்காகச் சண்டை வந்ததில்லை, சொந்தக்காரர்களுக்காகவும் வந்ததில்லை. வந்ததெல்லாம் ஸ்பேனருக்காகத்தான். சைக்கிள் பழுதுபார்க்க மலிவான சாமான் போதுமா, விலை கூடியதுதான் வேண்டுமா என்று நானும் என் கணவரும் மூன்று வருஷத்துக்கு மேலாக வாதாடியிருக்கிறோம். சோறு ஆறிப்போகும்வரை வாதாடியிருக்கிறோம். ஒருமுறை பஸ்ஸில் நாங்கள் போட்ட சத்தத்தில் முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, "ஸ்பேனருக்கா இந்தப் பாடு?" என்று கேட்டார். ஆமாம், ஸ்பேனருக்குத்தான்.

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவில் எங்கள் வீடு. நான் அப்போது கீழ்ப் பிரிவில் முன்பள்ளி ஆசிரியை. நடுவில் இரண்டு கட்டை தூரம். எங்கள் பக்கம் மைலைக் கட்டை என்றுதான் சொல்வோம். பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற அந்த வருஷம் ஆட்டோக்கள் எல்லாம் படுத்துவிட்டன. என் கணவர் எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். மலையில் சைக்கிளா என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. சிரித்ததில் தப்பில்லை. காலையில் சைக்கிள் என்னைக் கொண்டுபோகும், மாலையில் நான் சைக்கிளைக் கொண்டுவருவேன். ஆனால் அந்தக் காலை இறக்கம் இருக்கிறதே! இரண்டு பக்கமும் தேயிலை, முகத்தில் பனி, மிதிக்கவே வேண்டாம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கோ கொழுந்தெடுக்கும் பெண்களோ இல்லாத வளைவுகளில் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்திக்கொண்டே இறங்கியிருக்கிறேன். பிடித்திருந்தது, கத்தினேன்.

மிதிக்க வேண்டாம், ஆனால் நிறுத்த வேண்டும். அந்த இறக்கத்தில் பிரேக்தான் உயிர். எங்கள் ஊர் மழை பிரேக் கட்டைகளைக் கரைத்துக் குடித்துவிடும், வயரைத் துருவேற்றிவிடும். வாரத்தில் ஒரு நாளாவது எதையாவது முறுக்கியாக வேண்டும். அதற்கு வீட்டில் சாமான் வேண்டும். முதலில் வாங்கியது நான்தான்.

ஹட்டனில் ஒரு நானாவின் இரும்புக் கடை இருக்கிறது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். சைக்கிளுக்கு ஸ்பேனர் கேட்டேன். மேசையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கனமாக, மினுமினுப்பாக இருந்தது. மற்றது தகட்டில் வெட்டி எடுத்தது, பல அளவுக்கும் வாய் வைத்தது.

"தங்கச்சி, இது ரெண்டு மாசத்துக்கு. அது ரெண்டு தலைமுறைக்கு. எது வேணும்?"

"எனக்கு நாளைக்குக் காலைல வேலைக்குப் போகணும் நானா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப இதக் கொண்டு போங்க. ஒடைஞ்சா திட்ட வராதீங்க, டீ குடிக்க வாங்க."

தகட்டு ஸ்பேனர், ஒரு குறடு, டயரை நெம்பும் பட்டை இரண்டு. எல்லாவற்றையும், பால் பவுடர் வருமே, அந்த மாதிரி ஒரு காலி பால்மா டின்னில் போட்டு அடுப்படித் தட்டில் வைத்தேன். என் கணவர் தேயிலை ஸ்டோரில் ஃபிட்டர். ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தொழிற்சாலை. இரும்பைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்கிற மனிதர். என் ஸ்பேனரை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது ஸ்பேனர் இல்லம்மா. ஸ்பேனரோட போட்டோ."

அடுத்த மாதத்திலிருந்து அவருடைய சாமான்கள் வர ஆரம்பித்தன. கொழும்பில் இருக்கிற ஒரு கூட்டாளி மூலம், ஓவர்டைம் காசில், மாதம் ஒன்றாக. ஒவ்வொன்றும் கையில் வைத்தால் குளிர்ச்சியாக, கனமாக இருக்கும். அவற்றுக்கு ஒரு துணிச் சுருள், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பை, ஞாயிறு தவறாமல் எண்ணெய்த் துடைப்பு. சுருளுக்கு இடம் அலுமாரியின் நடுத்தட்டில். அங்கே இருந்த என் தீபாவளிச் சேலை கீழ்த்தட்டுக்கு இறங்கியது. கேட்டால் கொடுக்க மாட்டாரா? கொடுப்பார். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார்.

நியாயம் பேசினால் இரண்டு பக்கமும் பேச வேண்டும். டயரைக் கழற்ற அவருடைய விலை கூடிய நெம்பு செய்த வேலையை என் பட்டையும் செய்தது. பட்டை காணாமல் போன அன்று சோற்றுக் கரண்டியின் காம்பும் அதையே செய்தது. அதில் காசு போடுவது சுத்த வீண், இன்றைக்கும் சொல்வேன். என் டின் சாமான் வீட்டுக்கும் உழைத்தது. குழாயை இறுக்கியது, ஆணி அடித்தது, காற்றுக்கு அடித்துக்கொள்ளும் சன்னலுக்கு முட்டுக் கொடுத்தது. அவருடைய சுருள் அலுமாரியில் மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

ஆனால் நட்டு விஷயத்தில் நான் தோற்றேன். பின்பக்க பிரேக் வயரைக் கவ்விப் பிடிக்கிற சின்ன நட்டை ஒருநாள் அவசரத்தில் முறுக்கினேன். என் ஸ்பேனரின் வாய் லொடலொட. வழுக்கியது, இன்னும் அழுத்தினேன், இன்னும் வழுக்கியது. நட்டின் மூலைகள் மழுங்கி அது கடலைப் பருப்பு மாதிரி ஆகிவிட்டது. அவர் வந்து பார்த்தார். திட்டவில்லை, அதுதான் எரிச்சல். சுருளிலிருந்து ஒன்றை உருவினார், வைத்தார், மழுங்கிய நட்டையும் அது கவ்வித் திருகியது.

"பார்த்தியா?"

"பார்த்தேன், பார்த்தேன். புது நட்டு கொண்டாந்து போடுங்க."

கொண்டு வருகிறேன் என்றார். ஸ்டோர் முழுக்க நட்டாக இருக்கிற மனிதர், ஒரு நட்டுக் கொண்டுவர மாதக்கணக்கில் மறந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் எனக்குக் கடிதம் வந்தது. அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை வேலைக்கு எப்போதோ பரீட்சை எழுதியிருந்தேன். நேர்முகப் பரீட்சைக்கு ஹட்டனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள், காலை ஒன்பது மணிக்கு. எனக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் இன்னொரு தடவை கிடையாது. கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு நாளைப் பார்த்தேன். சரஸ்வதி பூசைக்கு மறுநாள்.

பூசைக்குத் தொழில் சாமானை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. என் கணவர் பூசை அன்று சாயங்காலம் சைக்கிளைப் பிரித்து மேய்ந்தார். பின் பிரேக் வயரைக்கூடக் கழற்றித் துடைத்து, எண்ணெய் தடவி மாட்டினார். அதற்குள் நல்ல நேரம் வந்துவிட்டது என்று அவசர அவசரமாக ஸ்பேனரைக் கழுவிச் சந்தனம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கினார். நான் என் பால்மா டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இதையும் வைக்கட்டுங்களா?"

"சாமி சிரிக்கும்மா."

எனக்குக் கோபம் வந்தது. டின்னை அடுப்படித் தட்டிலேயே 'ணங்'கென்று வைத்தேன். என் சர்டிபிகேட் ஃபைலையும் பூசையில் வை என்று அவர் சொன்னபோது, "காலைல யாரு எடுத்துக் குடுப்பா? சரஸ்வதி ஹட்டன் வரைக்கும் கொண்டு வருவாளா?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகளின் பாட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்தேன். சைக்கிளுக்கு மட்டும் அன்றே விடுதலை. பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் கையால் உருட்டி, அப்போதே கற்பூரமும் காட்டிவிட்டார்.

விடியற்காலை அவர் ஸ்டோர் பூசைக்குப் போய்விட்டார். ராத்திரி முழுக்க மழை. பெட்ரோல் கிடைத்து ஆட்டோக்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன; ஆறு மணிக்கு, நான் சொல்லி வைத்திருந்த ஆட்டோக்காரர் போன் பண்ணினார்.

"அக்கா, கீழ வளைவுல மண் விழுந்து கெடக்கு. ஆட்டோ ஏறாது. மத்தியானம் ஆகும்."

மெயின் ரோட்டுக்கு நாலு கட்டை. நடந்தால் பஸ் போய்விடும். சைக்கிளென்றால் மண் விழுந்த இடத்தில் தூக்கிக் கடந்துவிடலாம். சேலையையும் ஃபைலையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கேரியரில் கட்டினேன், சுடிதாரோடு ஏறினேன், பழக்கத்தில் பின் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். பிடி லொட்டென்று கைப்பிடியோடு போய் ஒட்டியது. குனிந்து பார்த்தால் அந்த மழுங்கிய நட்டு விரலால் சுற்றினாலே சுற்றுகிறது. நல்ல நேரத்தைப் பிடிக்கிற அவசரத்தில் மனிதர் முறுக்க மறந்திருக்கிறார். முன் பிரேக்கை மட்டும் நம்பி அந்த இறக்கத்தில் இறங்கினால் குப்புறக் கவிழ வேண்டியதுதான்.

போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மறுபடி பண்ணினேன். ஸ்டோர் பூசையில் மேளச் சத்தம், எங்கே கேட்கும்? சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அந்தத் தங்கமான ஸ்பேனர், சந்தனம் பூசி, மேலே ஒரு செவ்வந்திப் பூ. வேறொரு நாளாக இருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பேன், நான் ஒன்றும் அவ்வளவு பக்திக்காரி இல்லை. ஆனால் டீச்சர் வேலை கேட்டுப் போகிற அன்று காலையில் சரஸ்வதியிடமே கை வைப்பதா? எனக்குத் துணிச்சல் வரவில்லை. "உன் புருஷன் பிரம்மா இப்படி ஒருத்தரப் படைச்சாரு, நீ அவரையே எனக்குக் கட்டி வச்சியே" என்று அவளைத்தான் திட்டினேன். அழுகை வந்தது.

அப்புறம் அடுப்படிக்கு ஓடினேன். பால்மா டின் வைத்த இடத்திலேயே இருந்தது.

குறட்டால் வயரை இழுத்துப் பிடித்தேன். ஸ்பேனரை வைத்தேன், வழுக்கியது. எண்ணெய் வேறு! துணியால் துடைத்து மறுபடி வைத்தேன், மறுபடியும் வழுக்கியது. நட்டுக்கும் ஸ்பேனர் வாய்க்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் பகை. குப்பையில் ஒரு பால்மா பக்கெட் கிடந்தது. உள்ளே வெள்ளித் தாள் ஒட்டிய காலி உறை. ஒரு துண்டு வெட்டி, நாலாக மடித்து அந்த இடைவெளியில் செருகி, மெதுவாகத் திருகினேன். கவ்வியது! அரைச் சுற்று. இன்னும் கால் சுற்று. "இன்னும் கொஞ்சம்டா ராசா, இன்னும் கொஞ்சம்" என்று அந்தத் தகட்டைக் கெஞ்சினேன். கடைசித் திருகலில் அதன் வாய் தவளை வாய் மாதிரி விரிந்துபோனது. நட்டு அசையவில்லை. பிரேக்கைப் பிடித்தேன், கல் மாதிரி நின்றது. ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு வேலையே கிடைத்துவிட்ட மாதிரிச் சந்தோஷம். ஸ்பேனருக்கு ஒரு முத்தம் கொடுத்தேன், பொய்யில்லை.

இறங்கினேன். கீழ வளைவு திரும்பியதும் ரோட்டை அடைத்துச் செம்மண்ணும் ஒரு சவுக்கு மரமும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். சைக்கிள் வீலென்று கத்தி, மண்ணுக்கு நாலடி முன்னால் நின்றது. மண் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியோடு ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

"டீச்சர், என்னா பிரேக்கு! தூக்குங்கப்பா சைக்கிள!" என்று ஒருவர் சொல்ல, இரண்டு பேர் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஹட்டனில் முகம் கழுவி, சேலை மாற்றி, நேரத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்தேன். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஃபைலைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கையெல்லாம் கறுப்பாக் கிடக்கு?"

நகக்கண் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. போச்சு என்று நினைத்தேன். மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பால்மா பக்கெட் வரைக்கும். மூன்று பேரும் குனிந்து குனிந்து சிரித்தார்கள்.

"சரி, சொல்லும் பாப்பம். எந்த ஸ்பேனர் நல்லது?"

"நல்லது அவரோடதுதாங்க மேடம். ஆனா இன்னைக்கு என்னைய இங்க கொண்டாந்து சேர்த்தது என்னோடதுங்க."

சாயங்காலம் வீட்டில் கதை கேட்ட என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போனது.

"நான்தான் முறுக்காம விட்டேன். நீ அத எடுத்திருக்க வேண்டியதுதானே! உசுர விடவா சாமான் பெருசு?"

"எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

"கற்பூரம் காட்டினியான்னு கேட்டிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. மறுநாளே புது நட்டு வந்தது. சில மாதத்தில் நியமனக் கடிதமும் வந்தது. நானாவின் கடைக்குப் போய் டீயும் குடித்தேன். இப்போதும் பஸ் பிடிக்க அந்த இறக்கத்தில்தான் தினமும் இறங்குகிறேன். வளைவுகளில் இப்போதும் கத்துகிறேன்.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூசை அன்று பள்ளிக்கூடம் விட்டு நேரம் கழித்துத்தான் வீடு வந்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். நடுவில் என் தீபாவளிச் சேலையை மடித்து விரித்து, அதன் மேல் வாய் விரிந்துபோன என் தகட்டு ஸ்பேனர். சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூ எல்லாம் அதற்கு. அவருடைய துணிச் சுருளைக் காணவில்லை.

"உங்க சாமானெல்லாம் எங்கங்க? பூசைல வைக்கலியா?"

அவர் அடுப்படிப் பக்கம் தாடையைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். பால்மா டின்னில் அத்தனையும் எண்ணெய் மினுக்கத்தோடு நின்றன.

"நாளைக்குக் காலைல ஒனக்கு ஸ்கூல் இருக்குல்ல" என்றார்.