சுவரைப் பார்த்த பியானோ

ஸ்ரேத்தன் தோளில் அக்கார்டியன் ஏறினால் சாச்சக் ஊரில் எங்கோ கல்யாணம் என்று அர்த்தம். வாலிபத்திலிருந்தே அவன் பிழைப்பு அதுதான். பெண் வீட்டாரை அழவைப்பதும், மாப்பிள்ளையின் தாய்மாமனை மேஜைமேல் ஏற்றி ஆடவைப்பதும் அவன் விரல்களுக்குச் சாதாரண வேலை. ஒரு விருந்தாளி கொஞ்சம் கலங்கியிருப்பதாகத் தெரிந்தால் போதும், அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து காதோடு காதாக வாசிப்பான். கேட்கிறவன் கண்ணீர் விட்டபடி கண்ணாடிக் கோப்பையைத் தரையில் அடித்து உடைப்பான். கோப்பை உடையாத கல்யாணத்தை ஸ்ரேத்தன் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இல்லை.

போன கோடையில் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டுப் பெட்டியை இறக்கியவன் நிமிரவில்லை. முதுகுத்தண்டில் தேய்மானம். இனிமேல் அந்தப் பெட்டியைத் தூக்கினால் உங்களை நாலு பேர் தூக்கவேண்டி வரும் என்று டாக்டர் ஈவு இரக்கமில்லாமல் சொல்லிவிட்டார். அக்கார்டியன் அலமாரிக்குள் போனது. ஸ்ரேத்தன் ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு தெருவை முறைக்க ஆரம்பித்தான். வாசிக்காத தன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் மனைவி லூபிங்கா முடி அலங்காரக் கடை வைத்திருந்தாள். ஊர்ச் செய்தியெல்லாம் அங்கேதான் முதலில் வரும். மழலையர் பள்ளியில் பியானோ வாசித்த பெண் புருஷனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று தலைமை ஆசிரியை தெசாங்கா புலம்ப, லூபிங்கா கையில் கத்தரிக்கோலுடனே தன் புருஷனைத் தாரைவார்த்துக் கொடுத்துவிட்டாள். அவனுக்கு விஷயம் சாயங்காலம்தான் தெரிந்தது.

"கல்யாணத்துல வாசிச்சவன்டி நான். மூக்கொழுகுற பசங்களுக்கு வாசிக்கச் சொல்றியா?"

"கல்யாணத்துல மட்டும் யாருக்கும் ஒழுகலையா? குடிச்சுட்டு உன் தோள்ல சாஞ்சு ஒழுகவிட்டதையெல்லாம் நான்தானேய்யா துவைச்சேன்."

மறுநாள் பள்ளிக்குப் போனான்.

தெசாங்கா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. குளிர்காலத்தில் வரும் ஸாவா திருநாள், பள்ளிகளைக் காக்கும் புனிதரின் நாள், அந்த விழாவரைக்கும் பார்ப்போம், அன்று நன்றாகப் போனால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் பதிவு செய்த பாட்டை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்கிறோம் என்றார். ஸ்பீக்கர் அங்கேயே மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. ஸ்ரேத்தனுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

வலது கைக்குப் பியானோ பழகிய சமாச்சாரம்தான், அக்கார்டியனிலும் அதே கட்டைகள்தான். இடது கைதான் மானத்தை வாங்கியது. பாவம், அதற்குப் பொத்தானை அழுத்தவும் துருத்தியை இழுக்கவும் மட்டும்தான் தெரியும். பாட்டு கொஞ்சம் சூடு பிடித்ததும் அது கட்டையை விட்டுவிட்டுக் காற்றில் இழுக்கப் போய்விடும். அதுவும் பாட்டோடு சேர்ந்த அபிநயம் என்று நினைத்த பிள்ளைகள், எல்லாரும் இடது கையை வீசி வீசி இழுத்துக்கொண்டு பாடினார்கள். அந்தப் பழக்கத்தை அவனிடமிருந்து போக்குவதற்குள் பனி விழ ஆரம்பித்துவிட்டது, பிள்ளைகளிடமிருந்து கடைசிவரை போகவே இல்லை.

இன்னொரு வெட்கமும் இருந்தது. அவனுக்கு ஒரு குழந்தைப் பாட்டுகூடத் தெரியாது. பால்பல் விழுவதற்கு முன்பே அப்பா அவனைக் கல்யாணங்களுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவன் அறிந்த பாட்டில் எல்லாம் யாராவது யாரையாவது விட்டுவிட்டுப் போவார்கள், ஆற்றில் வெள்ளம் வரும், ஒரு தாய் அழுவாள். இங்கேயோ ஒரு முள்ளெலி பனியில் ஒற்றை பூட்ஸைத் தொலைத்துவிட்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறது. ஒவ்வொரு வீட்டிலும், விருந்தாளிக்குச் செய்யவேண்டிய முறைப்படி, முதலில் ஒரு கரண்டி பழப்பாகும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து உட்காரவைத்து, அதற்குப் பிறகுதான் பூட்ஸைப் பார்க்கவில்லை என்று சொல்கிறார்கள். போகப் போக முள்ளெலிக்கு வயிறு வீங்கி நடக்க முடியவில்லை. ஸ்ரேத்தன் இந்தப் பாட்டைப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் மனப்பாடம் செய்தான். தப்பாகச் சொன்னால் தூன்யா என்ற வாண்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மாமா, திரும்ப முதல்ல இருந்து" என்பாள்.

வீட்டில் சூப் குடித்துக்கொண்டே அவன் முணுமுணுக்க, லூபிங்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கடைசியில பூட்ஸ் கிடைச்சுதா இல்லையா?"

"கடைசி வீட்டுல கிடைக்குது. ஆனா அதுக்குள்ள ஒரு சுண்டெலி தூங்குது. எழுப்ப மனசு வராம, ஒத்தக் கால் பூட்ஸோடயே வீட்டுக்குப் போயிடுது."

லூபிங்கா அவனுக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள். இத்தனை வயதுக்குப் பிறகு இப்படி ஒரு சந்தோஷம் வந்து சேரும் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை.

பாட்டு கைக்கும் வந்தது, வாய்க்கும் வந்தது, வேகம் மட்டும் அடங்கவில்லை. கல்யாணத்தில் கைகோத்து ஆடுகிறவர்கள் சூடேற ஏற வாசிப்பும் ஏறவேண்டும். அது அவன் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். முள்ளெலி இங்கே மூன்றாவது வீட்டிலிருந்து தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. பிள்ளைகள் மூச்சு வாங்கினார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். தெசாங்காவின் பார்வை ஸ்பீக்கர் பக்கம் போனதை அவன் கவனித்தான்.

"தப்பு என்மேல மட்டும் இல்ல டீச்சரம்மா. ஆளு மூஞ்சியப் பாத்து வாசிச்சுப் பழகினவன் நான். இங்க சுவத்தைப் பாத்து வாசிக்கிறேன். அதுக்கு மூச்சு வாங்குதா, கால் வலிக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பியானோவைத் திருப்பிப் போட்டால் போதும் என்றான். திருப்பினால் வாசிக்கிறவன் உட்கார இருக்கும் ஒரே இடம் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில். அதாவது குறுக்குக் காற்றில். பள்ளியே அலறியது. சமையல்கார மிலேவா அக்கா, தன் கொழுந்தனுக்குக் குறுக்குக் காற்றில் உட்கார்ந்துதான் வாய் கோணிப்போனது என்றாள். பட்டம் வாங்கிய தெசாங்காவும் அதை மறுக்கவில்லை, குறுக்குக் காற்று பட்டால் நோய் வரும் என்பதில் அந்த ஊரில் படித்தவர் படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. வேடிக்கை என்னவென்றால் ஸ்ரேத்தனுக்கும் அதே பயம்தான். எந்த மண்டபத்துக்குப் போனாலும் பெட்டியைத் திறக்குமுன் ஜன்னலைச் சாத்துகிறவன் அவன். ஆனாலும் ஸ்பீக்கரை ஒரு தடவை பார்த்தான், பின்கழுத்தை ஒரு தடவை தடவிக்கொண்டான், திருப்புங்கள் என்றான். லூபிங்கா தடிமனான கம்பளிச் சால்வை ஒன்றைக் கழுத்தில் சுற்றி அனுப்பினாள்.

பிள்ளைகளின் முகம் தெரிந்ததும் முள்ளெலி தானாக நடைக்கு வந்துவிட்டது.

ஸாவா திருநாள் அன்று கூடம் நிறைந்து வழிந்தது. பாதிரியார் வந்து திருநாள் ரொட்டியை வெட்டினார், சடங்குக்காக வேகவைத்த இனிப்புக் கோதுமை எல்லார் கைக்கும் போனது. தாமதமாக வந்தவர்கள் கதவைத் திறந்து திறந்து மூட, ஸ்ரேத்தன் கழுத்தில் பனிக்காற்று விளையாடியது. ஸ்பீக்கரைத் தயாராக வைத்துக்கொண்டு தெசாங்கா பக்கத்திலேயே நின்றார். பாட்டு கடைசி வீட்டுவரை குறையில்லாமல் வந்தது. அந்த வீட்டைத் தூன்யா தனியாகப் பாடவேண்டும். கதவு தட்டும் சத்தத்தை அவன் வாசித்தான். தூன்யா வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. உதடு கோண ஆரம்பித்தது. தெசாங்காவின் கை ஸ்பீக்கர் பொத்தானுக்குப் போனது.

ஸ்ரேத்தன் கதவை மறுபடி தட்டினான், கொஞ்சம் மெதுவாக. மறுபடியும், இன்னும் மெதுவாக. கல்யாணத்தில் பாடுகிறவன் அடி மறந்து நின்றால், ஞாபகம் வரும்வரை அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதுதான் வாசிக்கிறவன் தர்மம். எழுந்து, பியானோவுக்கு மேலாக அவள் பக்கம் குனிந்தான், கை நிற்கவில்லை.

"முள்ளெலி வாசல்லதான் நிக்குது தூன்யா. அவசரமில்ல. நீ கதவைத் திறக்கிறவரைக்கும் நான் தட்டிக்கிட்டே இருக்கேன்."

தூன்யா சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த தட்டலுக்கு அவள் குரல் வந்தது, முதலில் ஈனமாக, சுண்டெலி வந்த இடத்தில் தைரியமாக. தெசாங்கா பொத்தானிலிருந்து கையை எடுத்தார். பின்வரிசையில் தூன்யாவின் அப்பா தாங்கமாட்டாமல், கையிலிருந்த பழரசக் கோப்பையை ஓங்கித் தரையில் அடித்தார். நல்ல வேளை, காகிதக் கோப்பை. தெசாங்கா அவரையே கூப்பிட்டுத் தரையைத் துடைக்கவைத்தார். ஸ்ரேத்தன் அந்தக் கோப்பையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. லூபிங்கா பிளம் சாராயத்தைச் சூடாக்கித் தேய்த்துவிட்டாள், சொன்னேன் இல்லையா என்று ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு தரம் சொன்னாள். பள்ளியில் மிலேவா அக்கா வாசலிலேயே காத்திருந்து தன் கொழுந்தன் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். தெசாங்காவும் வந்து எட்டிப் பார்த்தார்.

"லீவு போட்டிருக்கலாமே, ஸ்ரேத்தன். கழுத்தைத் திருப்பவே முடியலையே உங்களால."

"எதுக்குத் திருப்பணும் டீச்சரம்மா? எல்லாரும் எனக்கு எதிர்லதானே நிக்கிறாங்க."

தெசாங்கா ஸ்பீக்கரைத் தூக்கி மிலேவா அக்காவின் கையில் கொடுத்து, சாமான் அறையில் வைத்துவிடச் சொன்னார். போகும்போது கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.