பிரித்து வைத்த உறைகள்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. மலையூரான சாந்தன்பாறையில் ஒரு சிறு மருத்துவமனையின் ஆய்வகம். அதன் ஊழியன் ஜெகன் உள்ளே நுழைந்தபோது, முன்பின் அறியாத ஓர் அம்மாள் மேசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் ஒரு பரிசோதனைப் பட்டையில் சீரம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. “ஓடறச்சே பாத்துண்டு நின்னா கண்ணே கோடு போட்டுடும், கேட்டேளா,” என்றார், திரும்பாமலே.

அவர்தான் ஞானம், கல்பாத்திக்காரர், ஐம்பத்திரண்டு வயது. எலிக்காய்ச்சலை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை ஒரு சொட்டு சீரத்தில் காட்டிக்கொடுக்கும் அந்தப் பட்டையை, கீழே சமவெளியில், கொழிஞ்சாம்பாறையில் மூன்றாண்டு உழைத்து உருவாக்கியவர். நோய் இருந்தால் இரண்டு கோடு, இல்லையேல் ஒன்று. பட்டையின் உறைக்குள் வைக்கும், ஈரம் உறிஞ்சும் குருணைப் பொட்டலங்களை வீட்டு அப்பள டப்பாவில்கூடப் போட்டுவைப்பவர். ‘நெகடிவ்’ என்றால் முகம் சுளிப்பார். “ரெண்டாவது கோடு வரலைன்னு மட்டும் எழுதுங்கோ. ரோகம் இல்லைன்னு தீர்ப்புச் சொல்ல நாம யாரு?”

அவர் மலையேறி வரக் காரணம் இருந்தது. முந்தைய வாரம் இரண்டாவது கோடு வராததால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஏலத்தோட்டத் தொழிலாளி பெரியமுத்து, தேனி மருத்துவமனையில் சிறுநீரகம் பழுதாகிக் கிடந்தார். எலிக்காய்ச்சல்தான் என்று அங்கே உறுதியாயிற்று. பிழை பட்டையில் என்றால் மூன்றாண்டு உழைப்பு போகும். ஆய்வகத்தில் என்றால் ஜெகனின் வேலை போகும்.

மேசைமேல் ஓடியது பெரியமுத்துவின் எஞ்சிய சீரம். பட்டை, உறையிலிருந்து அப்போதுதான் பிரித்தது. பதினைந்தாவது நிமிடம் ஞானம் திரும்பினார். இரண்டு கோடுகள், அழுத்தமாக. பிறகு அவர் பார்வை ஜன்னலோரத் தட்டுக்குப் போனது. உறை நீக்கிய நான்கைந்து பட்டைகள் அங்கே வரிசையாகக் கிடந்தன. ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

“இதெல்லாம் எப்போ பிரிச்சேள்?”

“நேத்துச் சாயங்காலம், மேடம். போன வாரத்துலேர்ந்து அப்படித்தான். காலைல கூட்டம் தாங்காது.”

கொழிஞ்சாம்பாறையின் வறண்ட காற்றில் நாள் முழுக்கத் தாங்கிய பட்டை, இங்கே ஓர் இரவில் ஈரம் குடித்துக் கெட்டிருந்தது.

ஜெகன் வசவுக்குக் காத்திருந்தான். எத்தனை பேருக்கு இப்படிப் பார்த்தது என்று மட்டும் அவர் கேட்டார். பத்தொன்பது பேர். குளிர்பெட்டியிலிருந்த சீரம் அத்தனையையும் உறை உறையாகப் பிரித்து மறுபடி ஓட்டினார்கள். மேலும் நால்வருக்கு இரண்டு கோடு விழுந்தது. ஜெகன் தோட்டக் கங்காணிகளுக்குப் போன் போட்டான். மூவர் ஜீப்பில் வந்துவிட்டார்கள். நான்காமவளான முருகேஸ்வரி போனை எடுக்கவில்லை. ஞானம் சாப்பிடாமல் வாசலிலேயே நின்றார். மூன்று மணிக்கு ஏலக்காய்க் கறை படிந்த கையோடு வந்தவள், காய்ச்சலில் நடுங்கியபடி, “ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீக?” என்று ஜெகனைக் கேட்டாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தான்.

‘ஓட்டும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும் என்று உறைமேல் அச்சிடவில்லை. பிழை என்னுடையது’ என்று ஞானம் அறிக்கை எழுதினார். ஜெகனின் பெயர் அதில் இல்லை. பட்டையின் சோதனை ஓட்டம் எட்டு மாதம் நின்றுபோனது. நால்வரும் தேறினார்கள், பெரியமுத்து எழுந்து நடமாட மூன்று மாதம் பிடித்தது.

பின்னர் மூன்று முறை மலைக்கு வந்தும் ஞானம் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கொழிஞ்சாம்பாறைப் பயிற்சிக் கூட்டத்தில் பட்டைத் தயாரிப்பு மேலாளர் ரத்தினசாமிதான் முப்பது பேர் நடுவே, “ஏனுங்க, அன்னிக்குப் பிரிச்சு வெச்ச புண்ணியவான் யாருங்க?” என்று சிரித்தபடி கேட்டார். ஜெகன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். அவனுக்குப் பின்னால் வந்த ஞானம், தோளை அழுத்தி அவனை உட்கார வைத்துவிட்டு, அடுத்த சாம்பிளைக் கொண்டுவரச் சொன்னார்.