சூடு பொறுக்குகிறவள்

ஜெயசித்ரா மெஷினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, விசிறி வெளியே தள்ளும் காற்றில் கன்னத்தைக் காட்டுகிறாள். கண்ணை மூடிக்கொள்கிறாள். மார்கழிக் காலையில் மற்றவர்கள் துண்டால் காதை மூடிக்கொண்டு நடக்கும்போது, இவள் மட்டும் குளிர்ந்த காற்றைத் தேடிப் போய் உட்காருவாள். "குளுந்துதான் வருது. அப்ப சூடு உள்ள போய்க்கிட்டிருக்கு" என்று சொல்லி எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கப் போவாள்.

இவள் என் தங்கை. சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகும் சாலையில், கை கால் விறைப்புள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை மையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு வகுப்பறை அளவுக்கு நீச்சல் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அதில் தண்ணீர் எப்போதும் இளஞ்சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் அந்தப் பிள்ளைகளின் கால்கள் இன்னும் விறைத்துக்கொள்ளும். தொட்டிக்குப் பின்புறம் நிற்கும் ஹீட் பம்ப் என்ற மெஷின்தான் தண்ணீரைச் சூடாக்குகிறது. அதை ஓட்டுவதும் பராமரிப்பதும் ஜெயசித்ரா. ஐ.டி.ஐ.யில் ஏ.சி. வேலை படித்தவள்.

நான் எட்டாவதோடு நின்று தறிக்குப் போனவன். சுடுதண்ணீர் மெஷினிலிருந்து எப்படிக் குளிர்ந்த காற்று வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். "இது சூட்டை உண்டாக்கலண்ணே. காத்துல கெடக்க சூட்டைப் பொறுக்கித் தண்ணிக்குள்ள போடுது. நம்ம அம்மா பருத்தி பொறுக்குன மாதிரி. பொறுக்கி எடுத்த பெறவு செடி வெறுமனேதான நிக்கும்? அந்த வெறுங்காத்துதான் வெளிய வருது" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் யார் கேட்டாலும் நானே விளக்கிவிடுவேன்.

மெஷினின் முதுகில் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கின்றன. சீப்பின் பல்லை விட நெருக்கம். அவற்றில் தூசி அடைத்தால் காற்று உள்ளே போகாது. சுவருக்கு வெள்ளையடிக்கும் தூரிகையில் மயிர் மிருதுவான ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள். மேலிருந்து கீழாக மட்டும் தேய்ப்பாள்; குறுக்கே ஒருபோதும் தேய்க்க மாட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்காருவதற்கு முன் மண்டபத்துக்குப் பின்னால் போய் ஏ.சி. பெட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். "பாவம்ணே, எல்லாம் மூச்சு முட்டிக் கெடக்கு" என்பாள். சாப்பாடு எப்படி என்று யாராவது கேட்டால் அவளுக்கு நினைவிருக்காது.

காவலாளி அய்யாத்துரைக்கும் அவளுக்கும் ஒரு வழக்கு நெடுநாளாக நடக்கிறது. மெஷினுக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

"ஏட்டி, ஒம் மெஷின் ஓட்டை. தொட்டித் தண்ணியெல்லாம் ஒழுகிப் போவுது."

"அண்ணாச்சி, இது தொட்டித் தண்ணி இல்ல. காத்துல உள்ள ஈரம் குளுந்து சொட்டுது."

"ஆமா, காத்து ஒழுகுதாக்கும்! எனக்குக் காது குத்தாத."

அவள் சண்டைக்குப் போகவில்லை. இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்களை எடுத்தாள். ஒன்றில் தொட்டித் தண்ணீர், மற்றதில் சொட்டுகிற தண்ணீர். இரண்டிலும் குளோரின் பார்க்கும் மருந்தை விட்டாள். தொட்டித் தண்ணீர் எலுமிச்சம்பழத் தோல் போல மஞ்சளானது. மற்றது அப்படியே நின்றது. அய்யாத்துரை இரண்டையும் வெயிலில் தூக்கிப் பார்த்தார். "சரி, காத்துதான் ஒழுகுது. நல்ல மெஷினா வாங்கியிருந்தா காத்தும் ஒழுகாது" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சென்ற மார்கழியில் மெஷின் நிற்கத் தொடங்கியது. திங்கட்கிழமை தோறும் பிள்ளைகள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றுவிடும். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் அது தன்னைக் காத்துக்கொள்ள அப்படித்தான் நிற்கும். மெஷினுக்குத் தண்ணீர் வரும் வழியிலுள்ள வடிகட்டியை ஜெயசித்ரா கழற்றிக் கழுவி மாட்டினால் ஓடும். ஆனால் ஆறிய தொட்டியில் சூடு திரும்பி ஏற மறுநாள் ஆகும். சாலை போட மண் அடிக்கும் லாரிகளின் புழுதிதான் அடைக்கிறது என்று நினைத்து வேலியில் பச்சை வலை கட்டினாள். அடுத்த திங்களும் நின்றது.

மேலாளர் பாண்டியராஜ் கோபக்காரர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "இன்னொரு தடவ நின்னா மெஷினக் கழட்டி, வித்த கம்பெனிக்கே அனுப்பச் சொல்லுதாங்கம்மா. பெறவு தண்ணிப் பயிற்சி கோடையிலதான். நான் என்ன செய்ய?" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டு அழுதவள் பேச்சித்தாய். பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் மகள் அபிதாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவள். பிள்ளைக்கு ஆறு வயது. கத்தரிக்கோல் போலப் பின்னிக் கிடந்த கால்கள் அந்தச் சூட்டில் அப்போதுதான் பிரிந்து நீளத் தொடங்கியிருந்தன. இடையில் விட்டால் பழையபடி இறுகிவிடும் என்று பயிற்சி கொடுப்பவர் சொல்லியிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை வடிகட்டியின் மூடியைத் திருக ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனாள். பிள்ளைகள் வர நேரம் இருந்தது. போன தடவை கழுவும்போது எடுத்து வைத்த சேற்றை விரலிடையில் தேய்த்துக் காட்டினாள். "ரோட்டு மண்ணு நறநறங்கும்ணே. இது திருநீறு மாதிரி வழுக்குது, பாரு." நானும் தேய்த்துப் பார்த்தேன். சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்கு அந்த மண்ணைத் தெரியாமல் இருக்காது. எங்கள் வீட்டிலும் சாமி படத்துக்கு முன்னால் ஒரு டப்பாவில் இருக்கிறது. கோமதி அம்மன் கோயில் புற்றுமண். நோய் தீர உடம்பில் பூசுவது.

அதை நான் அவளிடம் சொல்லி வாய் மூடவில்லை. எல்லோருக்கும் முன்பே வந்துவிட்ட பேச்சித்தாய் தொட்டியின் மூலையில் குனிந்து, மஞ்சள் பையிலிருந்து பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா! என்ன காரியம் பண்ணுதீங்க?"

பேச்சித்தாய் பதறவில்லை. "சாமி மண்ணு தாயி. திங்கக்கெழம கோயிலுக்குப் போயிட்டுத்தான இங்கன வாரேன். எம்புள்ள கால்ல மட்டும் பூசுனா நல்லாவா இருக்கும்? எத்தன புள்ளைய எறங்குது. எல்லாத்துக்கும் சேரட்டும்னுதான் கரைக்கேன்."

ஜெயசித்ரா அவள் கையைப் பிடித்துப் பின்புறம் கூட்டி வந்தாள். நாங்கள் மூடியைக் கழற்றினோம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் வடிகட்டியைத் தூக்கி, ஒரு மடிப்பை விரித்துக் காட்டினாள். போன திங்கள் கழுவியும் போகாமல், அடிவரை புற்றுமண் அப்பியிருந்தது.

பேச்சித்தாய் அதையே பார்த்தாள். மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "அப்பம் நாந்தானா? எம்புள்ள தண்ணிய நாந்தான் குளுர வச்சனா?"

மூன்று வாரமாக என் தங்கையின் வேலைக்கே உலை வைத்தவளை ஒரு வார்த்தை திட்டினாலும் தப்பில்லை. நானாக இருந்தால் திட்டியிருப்பேன். ஜெயசித்ரா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மண்ணு நல்ல மண்ணுதான்க்கா. இந்த மெஷினுக்குத்தான் செமிக்க மாட்டேங்கு" என்றாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

வடிகட்டியைக் கழுவத் தொடங்கியபோது பேச்சித்தாய் மறுபடி தடுத்தாள். சாமி மண் சாக்கடையில் போகக்கூடாது. எனவே வாளி வாளியாகக் கழுவி, ஒவ்வொரு வாளியையும் வேலியோரத்து வேப்பமரத்துத் தூரில் ஊற்றினோம். மரத்துக்கு அன்று நல்ல குளிப்பாட்டு. மூலையில் கரைந்து கிடந்ததையும் ஜெயசித்ரா குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தாள்.

பாண்டியராஜ் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா அடைச்சிருக்கு?"

"மண்ணு சார். இனிமே வராது."

"எங்கேருந்து வந்துச்சு?"

"நம்ம ஊரு மண்ணுதான் சார்" என்றாள், கை வேலையை நிறுத்தாமல். அவர் பேச்சித்தாயின் ஈரச் சேலையைப் பார்த்தார். மஞ்சள் பையைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் போனார்.

அன்று மெஷின் நிற்கவில்லை. பயிற்சி முடிந்து அபிதாவைத் துவட்டிப் பின்புறத் திண்டில் வெயிலில் உட்கார வைத்தார்கள். கால்கள் நீண்டு கிடந்தன. பேச்சித்தாய் மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தைக் கையில் கொட்டிக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று என் தங்கையைப் பார்த்தாள்.

"இப்பப் பூசுங்கக்கா. பச்சத்தண்ணியில கொழைக்காதீங்க, காலு சுருக்குனு இழுத்துக்கும்" என்றாள் ஜெயசித்ரா. மெஷினிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாயில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்தாள். மறுகையின் புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு பேச்சித்தாயின் கையிலிருந்த மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.