ரங்கன் சொல்லாத பிழை

நாட்டின் தலைநகரில், நேரு பிளேஸில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் கஸ்தூரிரங்கனுக்கு ஒரு மென்பொருள் கம்பெனி இருந்தது. அவரோடு சேர்த்து ஐந்து பேர். கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் பதியும் மென்பொருள்தான் பிழைப்பு. எதிர் அறையில் மதுவும் அதே தொழில் செய்தாள்.

அந்த மாடியின் ஆறு சின்னக் கம்பெனிக்காரர்களும் சனிக்கிழமை மதியம் சேர்ந்து டீ குடிப்பார்கள். அந்த வாரம் எது சொதப்பியது, எப்படிச் சரிசெய்தோம் என்று மறைக்காமல் சொல்வது வழக்கம். நோயாளிகளின் போனுக்கு இந்தியில் செய்தி அனுப்பத் தெரியாமல் ரங்கன் தவித்த வருடம், மது தன் சொந்த புரோகிராமையே எடுத்துக் கொடுத்திருந்தாள்.

ஜூன் இருபத்தோராம் தேதி ரங்கன் ஒரு பிழையைக் கண்டார். அவரும் மதுவும் பயன்படுத்திய இலவச மென்பொருளின் புதுப் பதிப்பு, பன்னிரண்டு வரையுள்ள தேதிகளில் நாள் எண்ணையும் மாத எண்ணையும் இடம் மாற்றிப் படித்தது. ஜூலை ஒன்றுக்குப் பதிந்தவரின் பெயர் ஜனவரி ஏழில் போய் உட்கார்ந்துகொள்ளும். தன்னுடையதைச் சரிசெய்துகொண்டார். சனிக்கிழமை வாய் திறக்கவில்லை. எட்டுக் கிளினிக் நடத்தும் ஒரு டாக்டர், ரங்கனுக்கும் மதுவுக்கும் நடுவில் யாருக்கு வேலை தருவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை இரண்டாம் தேதி காலை மது ஓடிவந்தாள்.

"சார், நேத்து என் கஸ்டமர் கிளினிக்ல நாப்பது பேர் வந்து நின்னாங்க. லிஸ்ட்ல ஒருத்தர் பேரும் இல்ல. உங்க பக்கம் எல்லாம் டீக்கா, சரியா ஓடுதா?"

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார் ரங்கன்.

சாயங்காலம் அவளே பிழையைப் பிடித்து, திருத்தத்தை மற்ற ஐந்து பேருக்கும் அனுப்பினாள். ரங்கனுக்கு மட்டும் தனியாகப் போனும் செய்தாள். "ஜல்தி, சீக்கிரம் பாத்துடுங்க சார். நீங்களும் மாட்டிக்கப் போறீங்க."

வெள்ளிக்கிழமை அந்த எட்டுக் கிளினிக் வேலை ரங்கனுக்கு வந்தது. ஊழியர்கள் இனிப்பு வாங்கிவந்தார்கள். அவரால் அதைத் தொட முடியவில்லை.

மறுநாள் டீ வேளையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "அந்தப் பிழை, மது மாட்டறதுக்குப் பத்து நாள் முன்னாடியே எனக்குத் தெரியும். வேணும்னுதான் சொல்லல."

மது கோபப்படவில்லை. "உத்தம் நகர்லேர்ந்து ஒரு வயசான அம்மா ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாங்க சார். கிளினிக்குக்கு ஓடிப்போன நான்தான் திருப்பி அனுப்பினேன்."

"அந்த வேலைய நான் விட்டுடறேன் மது."

"நீங்க விட்டாலும் எனக்கு வராது. நாப்பது பேர் விஷயம் கேட்டதுல என்மேல அந்த டாக்டருக்கு நம்பிக்கை போயாச்சு."

இப்போதும் ரங்கன் சனிக்கிழமை தவறாமல் போகிறார். தன் தவறுகளை முதல் ஆளாகச் சொல்கிறார். அவர் எதைக் கேட்டாலும் மது பொறுமையாக விளக்குகிறாள். அவரிடம் மட்டும் அவள் எதுவும் கேட்பதில்லை.