தொரைசாணியின் புல்

கொத்தமல்லி வேரில் ஒட்டியிருந்த ஈரமண்ணின் வாடை இன்று ஃபிரிட்ஜைத் திறந்ததும் மூக்கில் ஏற, மாட்டுப்பட்டித் தேயிலை எஸ்டேட்டுக்கு மேலே, இப்போது இல்லாத அந்தப் பங்களாத் தோட்டத்தில் போய் நின்றுவிட்டேன். சீமையிலிருந்து வந்த பனிமலைப் பூவிதையைத் தொரைசாணி மணல் தொட்டிகளில் போடச் சொல்ல, தோட்டக்காரரான அப்பா அவற்றைப் பனியில் குளிரவிட்டு, வெயில் ஏறுமுன் நிழலுக்குத் தூக்கி, மயிர் போல முளைத்த தாள்களைப் பிள்ளையாய்ப் பார்த்துக்கொண்டார். கோடை வந்தால் தாள் காய்ந்து, கடலையளவு கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். பூக்க நாலைந்து வருசம் ஆகுமாம். நானோ முதல் வருசமே பூத்தாச்சு என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டு, பார்க்க வந்தவர்களிடம் மணலைக் காட்டி, 'மணல்பூ' என்று பட்டம் வாங்கியவன்.

தொரைசாணி சீமைக்கே திரும்பியபின், ஒரு கோடையில் வந்த புதுத் துரையின் மனைவி வெறும் தொட்டிகளைப் பார்த்தாள்.

"காஞ்ச மண்ணுக்கா ஒரு ஆளு?"

"உறங்குதும்மா," என்றார் அப்பா.

"அப்ப நீயும் போய் உறங்கு," என்று சிரித்து, அவர் கையாலேயே குப்பைமேட்டில் கொட்டவைத்தாள். அப்பா புல் வெட்டும் வேலைக்குப் போனார். அதுவும் போனால் எஸ்டேட் தந்த லயத்து வீடும் போய்விடும்.

சில வருசம் கழித்து, பனி விலகிய ஒரு காலையில், குப்பைமேட்டோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அன்று கொட்டிய கிழங்கொன்று விரலுயரத்தில் நீலமாய்ப் பூத்திருந்தது. பட்டம் ஒழிந்தது என்று நான் குதிக்க, அப்பா அசையாமல் நிற்க, கங்காணி வந்தார்.

"என்னலே, நின்னு பாத்துக்கிட்டிருக்க?"

"புல்லுதான்யா," என்று சொல்லி, அப்பா பூவின்மேலேயே மண்வெட்டியைப் போட்டார்.