அவசரமில்லை

ராஜபாளையத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் அமர்ந்த மாணவி, எல்லோருடைய கட்டைவிரலையும் கவனித்துக்கொண்டே வந்தாள். செல்போன் திரையில் எதை எப்படி அழுத்துகிறோம் என்பதை வடிவமைக்கும் படிப்பாம். டிசைன் என்றதும் ஜாக்கெட் தையல் என்று நினைத்த அறிவாளி நான்.

"எங்கப்பாவுக்கு ஆபத்து பட்டன் ஒண்ணு செஞ்சு குடுத்தேன் மாமா. செல்போன்ல அமுக்குனா 'அவசரமா?'ன்னு கேக்கும்; ஆமான்னா எனக்குத் தகவல் வரும். நெஞ்சு வலிச்சன்னிக்கு அமுக்கிட்டு, 'இல்லை'ன்னு பதில் போட்டுட்டாவ. அன்னிக்கே போயிட்டாவ."

"ஏம்மா அப்படி?"

"அன்னிக்கு எனக்குப் பரீட்சைல்லா, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான். நம்மூர்ல யாரு அவசரம்னு ஒத்துக்கிடுவாவ? அந்தக் கேள்விய வச்சது நான்தான்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது, "உங்களுக்கு உடம்பு சுகம்தான மாமா?" என்றாள்.

"எனக்கென்னம்மா, நல்லாருக்கேன்" என்றேன், காலையிலிருந்து மரத்துக்கிடந்த இடது கையைப் பைக்கடியில் மறைத்தபடி.

வேறு எப்படிக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.